மையம் முதலில் வேண்டுமா, கேள்வி முதலில் வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். வாக்களிப்பு, உள்ளாட்சிக் கூட்டங்கள், தன்னார்வப் பணி, மனு, போராட்டம் என்று குடிமை ஈடுபாட்டின் ஏதாவது ஒரு வடிவத்தை ஆராய்பவர்கள் உங்கள் வளாகத்தில் ஐந்தாறு துறைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் படிப்பதில்லை. இவர்களை ஒன்றுசேர்க்க ஓர் ஆய்வு மையம் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதலாமா, அதற்கு என்ன பெயர் வைப்பது, யாரைத் தலைவராக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்ததாகவும் மூன்றாவது கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வந்ததாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது. வந்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டால் மையத்தைப் பற்றிய கேள்விகள் தாமாகவே எளிதாகிவிடும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இத்தகைய குழுக்களில் உறுப்பினராகவும், இரண்டில் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்திருக்கிறேன். அவற்றில் ஒன்று படுதோல்வி; இன்னொன்று இன்றும் நடக்கிறது. அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: பொதுவான ஆய்வுப் பொருள் மனிதர்களை ஒருமுறை கூட்டிவைக்கும், ஆனால் கூடவே வைத்திருக்காது. அரசியல் அறிவியல் துறையில் இருப்பவருக்கும் கல்வியியல் துறையில் இருப்பவருக்கும் குடிமை ஈடுபாடு என்ற தலைப்பு ஒன்றாக இருந்தாலும், அவர்கள் எழுதும் இதழ்கள் வேறு, அவர்களை மதிப்பிடுபவர்கள் வேறு, வெற்றி என்று அவர்கள் எண்ணுவதும் வேறு. அறிமுகம் முடிந்து ஆளுக்கொரு முறை கட்டுரை வாசித்தாயிற்று என்றால், அதற்கு மேல் வருவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே யாரோ ஒருவர் அந்தக் குழுவிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, இன்ன நாளில் பதில் வேண்டும் என்று காத்திருப்பதைவிட வலுவான காரணத்தை நான் பார்த்ததில்லை.

தோல்வியடைந்த குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் அப்போது பணியாற்றிய நிறுவனத்தில் முதலில் மையத்துக்கு அறை ஒதுக்கப்பட்டது, பிறகு பெயர்ப்பலகை வந்தது, பிறகு இலச்சினைக்கு ஒரு குழு போடப்பட்டது. ஏழு அமைப்புகளுடன் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றில் எதிலும் யார் என்ன செய்வார்கள் என்று எழுதப்படவில்லை. தொடக்க விழாவுக்கு வந்த ஓர் அமைப்பின் செயலாளர் என்னிடம், "ஐயா, நாங்கள் எப்போது வர வேண்டும், எதற்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாண்டுகளில் ஒருங்கிணைப்பாளராக இருந்த எனக்கு வேறு பொறுப்பு கிடைத்தது. அறை தேர்வுத் தாள்கள் வைக்கும் இடமானது. நிதி இல்லாததால் அது நின்றுவிட்டது என்று அறிக்கையில் எழுதினோம். நிதி இருந்த ஆண்டிலும் செய்வதற்கு வேலை இருக்கவில்லை என்பதே உண்மை.

இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தாலும், நிலைத்து நின்றவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த நெருக்குதலில் பிறந்தவையாகவே இருக்கின்றன. 1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பீ ஹால் என்ற சமூக இல்லம் தொடங்கப்பட்டபோது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர்கள் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியிலேயே தங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி ஜேன் ஆடம்ஸ், தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889இல் சிகாகோவில் அதே போன்ற ஹல் ஹவுஸைத் தொடங்கினார். அங்கே தங்கியிருந்தவர்கள் சுற்றுப்புறத்தில் எந்த வீட்டில் எந்த நாட்டவர் வாழ்கிறார்கள், வாரக் கூலி எவ்வளவு என்று விசாரித்து, வண்ணம் தீட்டிய வரைபடங்களாக 1895இல் வெளியிட்டார்கள். அதைச் செய்தவர்களை இணைத்தது பொதுவான ஒரு கோட்பாடு இல்லை. ஒரே தெருவில் வாழ்ந்ததும், காலையில் கதவைத் தட்டியவரை மாலையிலும் சந்திக்க வேண்டியிருந்ததும்தான்.

அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் பிலடெல்பியாவின் ஏழாம் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு 1899இல் நூலாக வந்தது. கறுப்பின மக்களின் நகர வாழ்வைப் பற்றிய முன்னோடி ஆய்வு என்று இன்று எல்லாரும் அதைப் போற்றுகிறார்கள். அந்த ஆய்வுக்காக அவரை அழைத்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஆசிரியர் குழுவில் அவருக்கு முறையான இடம் எதுவும் தரவில்லை. ஆய்வு நிலைத்தது, அதைச் சுற்றி அங்கே ஒரு சமூகம் உருவாகவில்லை. ஒரு தனிமனிதரின் அசாத்திய உழைப்பை வைத்து ஒரு நிறுவனத்தின் ஈடுபாட்டை எடைபோடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் வளாகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டிவிடும் ஆசை வரும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய முன்மாதிரி என்று நான் கருதுவது நெதர்லாந்தில் 1970களில் பல்கலைக்கழகங்களுக்குள் தோன்றிய அறிவியல் கடைகள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அங்கே விற்பனை எதுவும் கிடையாது. குடியிருப்போர் குழுக்களும் தொழிற்சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் தங்கள் கேள்வியோடு அங்கே வரலாம். பொதுவாக மூன்று நிபந்தனைகள் பார்க்கப்பட்டன: கேட்பவரிடம் ஆய்வுக்குச் செலவிடப் பணம் இருக்கக் கூடாது, அவருக்கு வணிக நோக்கம் இருக்கக் கூடாது, கிடைக்கும் முடிவைப் பயன்படுத்தும் வலு அவருக்கு இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன். பதிலை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று அறியாத ஒருவருக்காக ஆய்வு செய்தால் அறிக்கை அலமாரிக்குத்தான் போகும். கடையில் இருந்த ஒருங்கிணைப்பாளர், வந்த கேள்வியை ஆராயத்தக்க கேள்வியாக வடித்து, அதை எடுத்துச் செய்ய ஒரு மாணவரையும் வழிநடத்த ஒரு பேராசிரியரையும் தேடிக் கொடுப்பார். மாணவருக்கு அது பட்ட ஆய்வாகவோ பாடத்திட்டப் பணியாகவோ கணக்கில் சேரும். யாரும் தம் வேலைக்கு மேல் கூடுதலாக எதையும் சுமக்க வேண்டியதில்லை என்பதால் அது ஓடியது.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிக் காட்டுகிறேன். ஒரு குடியிருப்போர் அமைப்பு எங்களிடம் ஓர் எளிய கேள்வியோடு வந்தது: நாங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்கும் புகார்கள் என்ன ஆகின்றன? புள்ளியியல் துறை நண்பர் ஒருவர் புகார்ப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று, எத்தனை நாளில் எத்தனை புகார்கள் முடிக்கப்படுகின்றன என்று அட்டவணை போட்டார். பெரும்பாலானவை விரைவில் முடிவதாகவே தெரிந்தது. அட்டவணையைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் எழுந்து, "முடிக்கப்பட்டது என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், தம்பி?" என்று கேட்டார். தம் கைப்பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அவருடைய புகார் 'முடிக்கப்பட்டது' என்று அதில் இருந்தது; கீழே சிறிய எழுத்தில், வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டது என்றும் இருந்தது. மாற்றிவிட்டாலே அந்தப் பிரிவின் கணக்கில் அது முடிந்ததாகிவிடும். வடிகால் அடைப்பு அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் கூட்டத்துக்கு மொழியியல் துறையிலிருந்து ஒருவர் வந்தார், அலுவலகப் படிவங்களில் வினைச்சொற்கள் எப்படிப் பொறுப்பை மறைக்கின்றன என்பது அவருக்குப் பல நாள் ஆர்வம். சட்டத் துறையிலிருந்து ஒருவர் வந்தார், புகாரை மாற்றும்போது புகார்தாரருக்கு அறிவிக்க வேண்டிய கடமை உண்டா என்று பார்க்க. புள்ளியியல் நண்பர் தம் அட்டவணையைக் கலைத்து, மாற்றப்பட்டவை, உண்மையிலேயே சரிசெய்யப்பட்டவை என்று பிரித்து மறுபடி போட்டார். அந்த அம்மையாரின் அமைப்பினர் இடங்களுக்கு நேரில் சென்று பார்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பிரிவினையைச் செய்திருக்கவே முடியாது. அந்தச் சீட்டுக்குப் பிறகு எங்கள் கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டிய நிலை வரவில்லை. குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் மற்றவர் தேவைப்பட்டார். அந்தத் தேவையை நாங்கள் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க முடியாது.

கோட்பாட்டளவில் இதற்கு நீண்ட மரபு உண்டு. உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் செயலாய்வு என்ற கருத்தை முன்வைத்து எழுதினார். திட்டமிடு, செய், விளைவைக் கண்டறி, அதைக் கொண்டு மறுபடி திட்டமிடு என்ற சுழற்சி அவருடையது. கொலம்பியாவின் சமூகவியலாளர் ஒர்லாந்தோ ஃபல்ஸ் போர்தா போன்றவர்கள் அதை மேலும் கொண்டுசென்று, ஆராயப்படும் மக்களே ஆராய்பவர்களாகவும் இருக்க வேண்டும் என்ற பங்கேற்புச் செயலாய்வை வளர்த்தார்கள். 1977இல் கொலம்பியாவின் கார்தஹேனா நகரில் அதற்காக ஓர் உலக மாநாடே நடந்தது. ஆனால் இந்தப் பெயர்களை முதல் கூட்டத்தில் எடுத்துவைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முறையியல் சண்டை எளிதில் மூளும், எளிதில் அணையாது. வரையறைச் சண்டையும் அப்படித்தான். குடிமை ஈடுபாடு என்றால் ஒருவருக்கு வாக்களிப்பு, ஒருவருக்கு அக்கம்பக்கத்துச் சங்கம், ஒருவருக்கு மாணவர் சேவை, ஒருவருக்கு எதிர்ப்பு. ஒவ்வொருவரும் தம் பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அவற்றை ஒரு தாளில் சேர்த்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் உள்ள வரையறைகள் இன்னும் ஒன்றாகவில்லை, அதனால் எந்த வேலையும் நின்றதில்லை.

எல்லா ஈடுபாட்டையும் கூட்டாண்மை என்று அழைக்கும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்தார். அடியில் மக்களைத் திசைதிருப்பும் வேலைகள். நடுவில் தகவல் தருதல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்தல். மேலே கூட்டாண்மை, அதிகாரப் பகிர்வு, குடிமக்களின் கட்டுப்பாடு. பல்கலைக்கழகத் திட்டங்களில் பெரும்பாலானவை நடுப்படிகளில்தான் நிற்கின்றன. அதில் தவறில்லை. கருத்துக் கேட்கத்தான் வந்திருக்கிறோம், முடிவெடுப்பது நாங்கள்தான் என்றால் அதையே சொல்லிவிடலாம். மக்கள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். கூட்டாளிகள் என்று அழைத்துவிட்டு, கேள்வித்தாளை அச்சடித்த பிறகு காட்டுவதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

நெறிமுறையைப் பற்றி நான் எந்த ஐயமும் இல்லாமல் பேசக்கூடிய ஒன்று உண்டு: எதற்காகத் தரவு கேட்டீர்களோ அதற்கு மட்டுமே அது. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினரிடமிருந்து 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்த மாதிரிகள் பெற்றார்கள். அந்த மக்கள் கவலைப்பட்டது நீரிழிவு நோயைப் பற்றி. பின்னர் அதே மாதிரிகள் மனச்சிதைவு, உறவுக்குள் இனப்பெருக்கம், மூதாதையர் இடப்பெயர்வு ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டன என்று தெரிந்தபோது அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய மாதிரிகளைத் திருப்பித் தந்தது. அந்த மக்கள் கையெழுத்திட்ட படிவத்தின் சொற்கள் அகலமாகவே எழுதப்பட்டிருந்தன என்பதை நினைவில் வையுங்கள். படிவம் இடம் கொடுத்தது, வாய்மொழியாகச் சொன்னது இடம் கொடுக்கவில்லை. கனடாவின் முதற்குடி மக்கள் 1990களின் இறுதியில் வகுத்த நெறிகள் இதற்கு நல்ல வழிகாட்டி: தம் சமூகத்தைப் பற்றிய தரவின் உரிமை, அதன் மீதான கட்டுப்பாடு, அதை அணுகும் வாய்ப்பு, அதைக் கையில் வைத்திருத்தல் ஆகிய நான்கும் அச்சமூகத்துக்கே உரியவை என்று அவை சொல்கின்றன. உங்கள் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் அவசியம், ஆனால் அந்தக் குழுக்கள் தனிநபருக்கு நேரும் தீங்கைப் பார்க்கப் பழகியவை. ஒரு தெருவுக்கோ ஒரு சமூகத்துக்கோ நேரும் அவப்பெயரை அவை பல நேரம் பார்ப்பதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கண்டறிவது அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் எடுக்கும் இடம் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. நீரின் நிறத்தையும் மணத்தையும் பற்றி முதலில் முறையிட்டவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்தான். நீர் பாதுகாப்பானது என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2015இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 300 மாதிரிப் பெட்டிகளை அனுப்ப, குடியிருப்பாளர்களே தங்கள் குழாய்களிலிருந்து நீரைப் பிடித்து, அக்கம்பக்கத்து வீடுகளிலும் சேகரித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஈயம் இருப்பது வெளிப்பட்டது. உள்ளூர் மருத்துவர்கள் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைகளிலும் அதைக் கண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நீர் எடுக்கும் இடம் பழையபடி மாற்றப்பட்டது. உங்கள் குழு இவ்வளவு பெரிய ஒன்றைத் தொடாமல் போகலாம். ஆனாலும் ஓர் அலுவலகத்துக்குச் சங்கடமான முடிவு ஒன்று வரும், அன்று துணைவேந்தரின் தொலைபேசி ஒலிக்கும். முடிவுகளை வெளியிடும் முன் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இத்தனை நாள் அவகாசம் தருவோம், அதற்கு மேல் நிறுத்திவைக்க மாட்டோம் என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால், அந்த அழைப்புக்கு யார் என்ன பதில் சொல்வது என்று அலைய வேண்டியிராது. கட்சி சார்பு பற்றிய விதியும் அதே தாளில் இருக்கட்டும்: தேர்தல் நேரத்தில் எந்த வேட்பாளருக்கும் தனியாக முடிவுகளைத் தருவதில்லை என்பது எங்கள் விதி, அது எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

இனி உங்களைப் போன்ற இளம் ஆசிரியர்களை நேரடியாகத் தொடும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகை ஆய்வுக்குப் பதவி உயர்வில் மதிப்பு கிடைக்குமா? அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990இல், கண்டுபிடித்தல் மட்டுமே புலமை ஆகாது, ஒருங்கிணைத்தலும் பயன்படுத்தலும் கற்பித்தலும் புலமையே என்று வாதிட்டார். அவர் மறைவுக்குப் பிறகு 1996இல் வெளியான அவருடைய கட்டுரை ஈடுபாட்டின் புலமை என்று அதற்குப் பெயரும் கொடுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வகை பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டில் 2006 முதல் சமூக ஈடுபாட்டுக்கெனத் தனி அங்கீகாரம் இருக்கிறது. பிரிட்டனின் ஆய்வு மதிப்பீட்டில் கல்வி வட்டத்துக்கு வெளியே ஏற்படும் தாக்கத்துக்கு 2014இல் 20 விழுக்காடும், 2021இல் 25 விழுக்காடும் எடை தரப்பட்டது. இவையெல்லாம் நிறுவனங்களை மதிப்பிடும் அளவுகோல்கள். உங்கள் கோப்பைப் புரட்டும் குழுவில் இருப்பவர் எத்தனை கட்டுரைகள் என்றுதான் எண்ணுவார். ஆகவே, நிரந்தரப் பணி உறுதியாகும் வரை, குழுவின் ஒவ்வொரு கேள்வியிலிருந்தும் உங்கள் துறை இதழுக்கான ஒரு கட்டுரை வருமா என்று கேட்டுக்கொண்டே இறங்குங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை மூத்தவர் ஒருவர் ஏற்கட்டும்; இளையவர்கள் நாள் முழுவதும் பேருந்திலும் கூட்டத்திலும் கழித்துவிட்டு, ஐந்தாண்டு கழித்து வேலையில்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வு மாணவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை: யார் பெயர் கட்டுரையில் எந்த வரிசையில் வரும், வெளியே இருக்கும் கூட்டாளியின் பெயர் வருமா என்பதைக் களத்துக்குப் போகும் முன் எழுதிக்கொள்ளுங்கள், போன பின் அந்தப் பேச்சு கசந்துவிடும்.

நேரக் கணக்கு ஒத்துவராது என்பதையும் எதிர்பாருங்கள். பல்கலைக்கழகத்தின் ஆண்டு பருவங்களாக உடைந்திருக்கிறது. தேர்வு, விடுமுறை, புதிய மாணவர். வெளியே இருக்கும் அமைப்புக்கு அந்தப் பருவங்கள் பொருட்டே இல்லை. மாணவர்கள் ஆர்வத்தோடு போய் நேர்காணல் எடுத்துவிட்டுத் தேர்வுக்குத் திரும்பிவிட, ஆறு மாதம் கழித்து வேறு மாணவர்கள் அதே கேள்விகளோடு அதே கதவைத் தட்டுவதுதான் இந்தத் துறையில் நான் அடிக்கடி கண்ட அநாகரிகம். இதற்கு ஒரே மருந்து, பருவம் மாறினாலும் மாறாத ஓர் ஆள். அவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அது ஒரு நூலகர். யார் யாரைச் சந்தித்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள், அது நிறைவேறியதா என்று அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். உங்களுக்கு ஏதாவது பணம் கிடைத்தால் முதலில் அத்தகைய ஒருவரின் பகுதிநேர ஊதியத்துக்குக் கொடுங்கள். கருத்தரங்கு பிறகு நடத்திக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் உறுதியாக நம்புகிறேன். உறுதியில்லாத இடங்களும் உண்டு, அவற்றை விற்பனைச் சொற்களில் மறைக்க வேண்டாம். நிதி கோரும் விண்ணப்பங்களில், இத்தகைய பணியில் ஈடுபடும் மாணவர்கள் வாழ்நாள் முழுவதும் பொறுப்புள்ள குடிமக்களாக விளங்குவார்கள் என்று எழுதுவது வழக்கம். அப்படிப்பட்ட மாணவர்களுக்குப் பொதுவாழ்வில் ஈடுபாடு கூடுதலாக இருப்பதைக் காட்டும் ஆய்வுகள் பல உள்ளன. ஆனால் ஏற்கெனவே நாட்டம் உள்ளவர்களே முன்வந்து சேர்கிறார்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கடினம். கேட்டுப் பெறும் விடைகளை நம்புவதிலும் இடர் உண்டு. வாக்களித்தீர்களா என்று கேட்டால், வாக்களிக்காதவர்களில் ஒரு பகுதியினர் ஆம் என்றே சொல்வார்கள் என்பது பல தேர்தல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2013இல் தொடங்கிய தேசிய ஆய்வில் மாணவர்களைக் கேட்பதற்குப் பதிலாகச் சேர்க்கைப் பதிவுகளைப் பொதுவில் உள்ள வாக்காளர் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். யாருக்கு வாக்களித்தார்கள் என்பது அதில் வராது, வாக்களித்தார்களா என்பது மட்டும் வரும். உங்கள் நாட்டுச் சட்டம் இதற்கு இடம் கொடுக்குமா என்பது வேறு கேள்வி. குழுவால் சமூகத்துக்கு என்ன நன்மை விளைந்தது என்பதை அளப்பது இதைவிடக் கடினம். எங்கள் ஆண்டறிக்கையில் வடிகால் சரிசெய்யப்பட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது எங்கள் ஆய்வால் நடந்ததா, அந்த ஆண்டு வந்த புதிய அலுவலரால் நடந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

என் அனுபவத்தின் எல்லையையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். நான் சமூக அறிவியல் ஆள். ஆய்வகமும் மருத்துவமனையும் சார்ந்த பெரிய குழுக்களில் வேலை செய்ததில்லை. நான் இருந்த குழுக்கள் பதினைந்து பேருக்கு மேல் வளர்ந்ததில்லை. ஐம்பது பேர் கொண்ட மையத்தை நடத்துபவர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும், அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மையத்துக்கான விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போடுவேன். மூன்றாவது கூட்டத்துக்கு வந்த அந்த நான்கு பேரை உடன் அழைத்துக்கொண்டு, மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்தும் ஓர் அமைப்பிடம் போய், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்பேன். அங்கே நம் ஆய்வைப் பற்றிப் பேச மாட்டேன். கிடைக்கும் கேள்விகளில் ஆறு மாதத்துக்குள் நேர்மையாக விடை சொல்லக்கூடிய சிறிய ஒன்றை எடுத்துக்கொண்டு, விடை சொல்லும் நாளையும் இடத்தையும் அன்றே குறித்துவிடுவேன். இடம் வளாகத்தில் இருக்கக் கூடாது, அவர்கள் கூடும் இடத்தில் இருக்க வேண்டும். வாரந்தோறும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம், முடிந்த கட்டுரையை வாசிக்காமல் முடியாத வேலையை மேசையில் வைப்போம். அந்தக் கேள்விக்கு வேண்டிய திறமை நால்வரிடமும் இல்லை என்று தெரியும்போது, அது உள்ளவரைத் தேடிப் போய் இன்ன வேலைக்காக வாருங்கள் என்று அழைப்போம். முதல் கூட்டத்துக்கு வந்த முப்பது பேரில் பாதிப் பேர் அப்படி அழைத்தால் வருவார்கள் என்று நினைக்கிறேன். பொது அழைப்பிதழில் அவர்களுக்கென்று எதுவும் எழுதியிருக்காது.

தலைவர் யார் என்ற கேள்விக்கு, குறிப்பேட்டை வைத்திருப்பவரைத் தவிர யாரை வைத்தாலும் சரி, அவருக்கு அந்தச் சுமை போதும் என்பதே என் பதில். பெயரைப் பொறுத்தவரை, எங்கள் குழுவுக்கு நான்காண்டுகள் பெயரே இல்லை. நிதி விண்ணப்பத்தில் அமைப்பின் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டி வந்தபோதுதான் அதைப் பற்றி யோசித்தோம். அந்தக் குடியிருப்போர் அமைப்பினர் எங்களை வியாழக்கிழமைக்காரர்கள் என்று அழைத்து வந்தார்கள், வாராவாரம் அன்றுதான் போவோம் என்பதால். படிவத்தில் அதை எழுத முடியாது என்று பதிவாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் படிவத்துக்கென்று ஒரு நீளமான பெயர் வைத்தோம், அது என்னவென்று இப்போது பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.